தூக்கத்தில் நூற்றுக்கு முப்பத்தெட்டு

மதுரையிலிருந்து தேனி போகும் சாலையில் நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டினால் எவரெஸ்ட் உதயம் மெட்ரிகுலேஷன் மேல்நிலைப் பள்ளி வரும். அந்தக் கட்டடத்துக்கு என்ன வண்ணம் பூசியிருக்கிறார்கள் என்று அதன் மேல்வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். வரும்போதும் இருட்டு, போகும்போதும் இருட்டு. மதியச் சாப்பாடு வகுப்பறைக்குள்ளேயே முடிந்துவிடும். பள்ளி இதைக் குறையாக நினைக்கவில்லை. வாசல் வளைவில் ‘உலகம் தூங்கும்போது நாம் எழுகிறோம்’ என்று எழுதி, எழுத்து இருட்டில் தெரிய வேண்டுமே என்று சுற்றிலும் சீரியல் பல்பு கட்டியிருக்கிறார்கள்.

ஆரம்பத்தில் ஊரோடு ஒத்து ஒன்பதரைக்குத்தான் மணி அடித்தார்கள். பிறகு எதிர்ச்சாரியில் இன்னொரு பள்ளி முளைத்தது. அவர்கள் ஒன்பதுக்கு அடித்தார்கள். இவர்கள் எட்டரைக்கு இறங்கினார்கள். அவர்கள் எட்டு என்றார்கள், இவர்கள் ஏழு என்றார்கள். இப்படியே போட்டி போட்டுக்கொண்டு போனதில் பத்தாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களுக்கு இப்போது ஆறு மணிக்கு முதல் வகுப்பு. எந்தப் பள்ளி முதலில் முந்தின நாள் ராத்திரிக்குள் நுழையும் என்பது மட்டும்தான் வட்டாரத்தில் தீராமல் இருந்த கேள்வி. பெற்றோர்களும் அதைப் பார்த்துத்தான் சேர்த்தார்கள். ஒன்பது மணிக்குத் திறக்கும் பள்ளியைப் பற்றி, அங்கே ஏதோ துக்கம் நடந்துவிட்டதைப் போல் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

காஜிமார் தெருப் பக்கம் மெத்தைக் கடை வைத்திருக்கும் ஜலாலும் அப்படித்தான் தன் மகள் அப்சானாவைச் சேர்த்தார். இப்போது அவள் பிளஸ் டூ. விடிவதற்கு வெகுநேரம் முன்பே பள்ளி வேன் தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கும். தெருநாய்கள் முதலில் குரைத்துப் பார்த்தன; பிறகு அவையும் பாவப்பட்டு விட்டுவிட்டன. ராத்திரி எட்டு மணிக்கு அப்சானா வீடு வருவாள். வீட்டுப்பாடம் முடியப் பதினொன்று ஆகும். அதற்குப் பிறகும் சீக்கிரம் தூக்கம் வராது.

“படுன்னா தூக்கம் வர மாட்டேங்குது, எந்திரின்னா முழிப்பு வர மாட்டேங்குது. இந்தப் புள்ளைய வச்சுக்கிட்டு நான் என்னங்க செய்வேன்?” என்று ஜலாலின் மனைவி சைனப் தினமும் காலையில் ஒருமுறை அழாத குறையாகக் கேட்பாள்.

அப்சானா தூங்காத இடம் அவளுடைய படுக்கை ஒன்றுதான். பல் துலக்கும்போது தூங்கினாள். ஒரு கால் செருப்பைப் போட்டுவிட்டு மறு கால் செருப்புக்கு முன் தூங்கினாள். ரமலானில் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பியபோது தட்டில் சாய்ந்து தூங்கினாள். பெருநாள் அன்று, தைத்து வந்த புதுச் சுடிதாரோடு நாற்காலியில் உட்கார்ந்தவள் உறவுக்காரர்கள் எல்லாரும் வந்து போன பிறகுதான் கண் விழித்தாள். சின்ன வயதில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பெண். இப்போது வீட்டில் அவள் குரல் கேட்டே நாளாகிவிட்டது. ஜலாலுக்கு அதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவர் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது: ‘தங்கள் பிள்ளை இன்று பள்ளிக்கு வரவில்லை. காரணத்தை உடனே தெரிவிக்கவும்.’ தன் கையால் வேனில் ஏற்றிவிட்ட பிள்ளை வரவில்லை என்றால் ஒரு தகப்பனுக்கு எப்படி இருக்கும்? கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஸ்கூட்டரில் பறந்தார். பள்ளியில் யாருக்கும் தெரியவில்லை. டிரைவருக்குப் போன் போட்டு, வேன் நிறுத்தும் கீழக்குயில்குடி ஷெட்டுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில் ஆரம்பித்திருந்தது.

அப்சானா வேனின் கடைசி இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தாள். வேனின் எல்லாக் கதவும் ஜன்னலும் திறந்திருந்தன. வேன் கழுவ வந்திருந்த மலையம்மாள் முந்தானையால் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

“பூட்டிப் போட்டுப் போயிட்டாய்ங்க அய்யா. தண்ணி ஊத்தப் போனா கண்ணாடியில தலை தெரியுது. எனக்கு ஈரக்குலையே நடுங்கிருச்சு. ஷெட்டுச் சாவிய எடுத்துத் தெறந்து மூக்குல கைய வச்சுப் பாத்தேன், மூச்சு இருக்கு. எழுப்பத்தான் நெனச்சேன். அது தூங்குற தூக்கத்தப் பாத்தா மனசு வரல” என்றார் மலையம்மாள்.

ஜலால் மகளைத் தொட்டு எழுப்பினார். சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. கண்ணைத் திறந்தவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

“அத்தா, எம்புட்டு நாளாச்சு இப்படித் தூங்கி!”

அவ்வளவுதான். ஜலால் ஷெட்டின் தகரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். கதவு திறக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு முடிவு செய்தார். பள்ளியைக் குறை சொல்லப் போவதில்லை. சண்டை போடப் போவதில்லை. ஒரே ஒரு மணி நேரம் கேட்பது. ஆறு மணியை ஏழு மணி ஆக்கச் சொல்வது.

முதலில் பள்ளி முதல்வர் சரண்யாதேவியைப் பார்த்தார். அவர் முகம் முழுக்க அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டார்.

“நாங்களும் இந்தச் சம்பவத்தை மிகுந்த கவலையோடு பார்க்கிறோம் சார். பள்ளி வாகனம் பயணம் செய்வதற்கு மட்டுமே உரியது. அதைத் தூங்குவதற்குப் பயன்படுத்தியது விதிமீறல். முதல் தடவை என்பதால் எச்சரிக்கையோடு விடுகிறோம்.”

“மேடம், புள்ள உசுரு தப்பிச்சு வந்திருக்கு. நான் ஒண்ணும் பெருசா கேக்கல. ஒரு மணி நேரம் தள்ளித் தொடங்குங்க. டாக்டர்கிட்டயும் கேட்டேன். இந்த வயசுப் புள்ளைகளுக்கு ராத்திரி லேட்டாத்தான் தூக்கம் வருமாம், உடம்போட கணக்கே அப்படித்தானாம். நாலு மணிக்கு எழுப்புறது பாவம்ங்கறாரு.”

“சார், பிளஸ் டூ கால அட்டவணையில் ஒரு மணி நேரம் சும்மா கிடந்தால் நாங்களே அதில் ஒரு தேர்வு வைத்திருக்க மாட்டோமா?” என்று முதல்வர் வருத்தத்தோடு கேட்டார்.

அங்கிருந்து ஜலால் ஒரு கல்வி அதிகாரியைப் பார்க்கப் போனார். அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், ஒரு கோப்பைக் கொண்டுவரச் சொல்லிப் பிரித்துப் பார்த்தார்.

“இந்தப் பள்ளி காலை ஒன்பதரை மணிக்குத்தானே தொடங்குகிறது?”

“இல்ல சார், ஆறு மணிக்கு.”

“பதிவின்படி ஒன்பதரை.”

“அப்ப ஆறு மணியிலருந்து ஒன்பதரை வரைக்கும் அங்க நடக்குறது என்ன சார்?”

அதிகாரி கோப்பை மூடினார். “அது பள்ளி அல்ல. மாணவர்களின் ஆர்வம். ஆர்வத்தைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை. என் பையனும் அங்கேதான் ஆர்வமாக இருக்கிறான்” என்று சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டார். பையனை வேன் ஏற்றிவிட அவரும் நாலு மணிக்கு எழுகிறவர்தான்.

மிச்சம் இருந்தவர் தாளாளர் சூர்யபிரகாஷ் ஒருவர்தான். அவர் பெற்றோர்களைச் சந்திக்கும் நேரம் காலை நாலரை. சூரியன் உதித்த பிறகு தன் மூளை மற்ற சாதாரண மனிதர்களின் மூளையைப் போல ஆகிவிடுகிறது என்று அவரே ஆண்டுவிழாவில் சொல்லியிருக்கிறார். ஜலால் போனபோது வரவேற்பறையில் நிறையப் பேர் காத்திருந்தார்கள். எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பெயரைக் கூப்பிட்டால் பக்கத்திலிருப்பவர் எழுந்து உள்ளே போய், அவருடைய பிள்ளையைப் பற்றிய குறையைக் கேட்டுவிட்டு வந்தார். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

தாளாளர் சால்வை போர்த்திக்கொண்டு மலர்ச்சியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முதல்வர் நின்றார்.

“வாங்க ஜலால் பாய். விஷயம் கேள்விப்பட்டேன். உங்களுக்கு என்ன தொழில்?”

“மெத்தைக் கடைங்க. இலவம்பஞ்சு மெத்தை, தலகாணி.”

தாளாளர் முதல்வரைப் பார்த்தார். முதல்வர் தாளாளரைப் பார்த்தார்.

“அப்படிச் சொல்லுங்கள்” என்றார் தாளாளர். “பிள்ளைகள் அதிக நேரம் தூங்க வேண்டும் என்று மெத்தை வியாபாரி சொல்கிறார். நாளைக்குப் பல் டாக்டர் வந்து எல்லாருக்கும் மிட்டாய் கொடுங்கள் என்பார். பாய், நீங்கள் தவறான நோக்கத்தோடு வரவில்லை என்று நான் நம்புகிறேன். ஆனால் நாளைக்கு ஊர் பேசுமே?”

ஜலால் இருபது வருடமாகத் தலையணை விற்கிறவர். அது இப்படி ஒரு குற்றம் என்று இதற்கு முன்னால் யாரும் சொன்னதில்லை.

“அய்யா, புள்ளைக்குத் தூக்கம் பத்தல. அம்புட்டுத்தாங்க நான் சொல்றது.”

“பத்தவில்லை என்றால் பயிற்சி பத்தவில்லை என்று அர்த்தம்” என்றார் தாளாளர். “கணக்கு வராத பிள்ளைக்கு என்ன செய்கிறோம்? கூடுதல் வகுப்பு வைக்கிறோம். தூக்கம் வராத பிள்ளைக்கும் அதுதான் வழி. இதை இதுவரைக்கும் எந்தப் பள்ளியும் யோசிக்கவில்லை. எதிர்ச்சாரிப் பள்ளி யோசிப்பதற்குள் நாம் தொடங்கிவிட வேண்டும்.”

மறு திங்கட்கிழமை எவரெஸ்ட் உதயத்தில் ‘தூக்கத் திறன் மேம்பாடு’ என்ற புதிய பாடம் தொடங்கியது. ஏற்கனவே இருந்த பாடவேளைகளில் கைவைக்க முடியாது என்பதால் அதைக் காலை ஐந்தரைக்கு வைத்தார்கள்.

பாடத்துக்குத் தடிமனான புத்தகம் ஒன்று போட்டார்கள். தூக்கத்தின் வரலாறு, தூக்கத்தின் வகைகள், தூங்கிப் புகழ்பெற்றோர், தூங்காமல் புகழ்பெற்றோர் என்று பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் பத்துப் பெருவினா. அதை எழுதி முடிக்கப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டரை ஆனது. ‘நேற்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன்’ என்று தினமும் எழுதிப் பெற்றோர் கையெழுத்து வாங்க வேண்டும். சைனப் முதல் நாள் உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பொய்யான தகவல் தந்ததாக அப்சானாவை வெளியே நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு சைனப்பும் எல்லாரையும் போல எழுதக் கற்றுக்கொண்டாள்.

செய்முறை வகுப்புக்காக எல்லாரும் பள்ளி முத்திரை போட்ட தலையணை வாங்க வேண்டும், அதைப் பள்ளியிலேயே வாங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஜலாலும் வரிசையில் நின்று ஒன்று வாங்கினார். தொழில் பழக்கத்தில் அமுக்கிப் பார்த்தார். உள்ளே பஞ்சு இல்லை, கிழிந்த ஸ்பாஞ்சுத் துண்டுகள். பின்னால் நின்ற ஒரு பெற்றோர், “பாய், கமிஷன் எம்புட்டு வருது?” என்று காதோரம் கேட்டார். ஜலால் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசையை விட்டு நடந்தார்.

முதல் தேர்வில் ‘மனிதனுக்குத் தூக்கம் ஏன் அவசியம்? விரிவாக விளக்குக’ என்பது கேள்வி. அப்சானா இரண்டு வரி எழுதினாள். மூன்றாவது வரியின் நடுவில் பேனா அப்படியே சரிந்து தாளின் ஓரம் வரைக்கும் கோடு இழுத்திருந்தது. அவளுக்குத் தூக்கத்தில் நூற்றுக்கு முப்பத்தெட்டு. மெல்லத் தூங்கும் மாணவர் பட்டியலில் சேர்த்து, சாயங்காலம் ஏழிலிருந்து எட்டுவரை தனி வகுப்பு போட்டார்கள். இதையும் கேட்டு வாங்கித் தந்த பெருமை ஜலாலைச் சேர்ந்தது.

செய்முறைத் தேர்வுதான் பள்ளியின் பொற்காலம் என்று சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். ஆடிட்டோரியத்தில் பாய் விரித்துப் பிள்ளைகளைப் படுக்கச் சொன்னார்கள். ஐந்து நிமிடத்துக்குள் தூங்கினால் முழு மதிப்பெண். தேர்வாளர் விதிமுறைகளை வாசித்து முடிப்பதற்குள் அத்தனை பேரும் தூங்கிவிட்டார்கள். விசில் ஊதினார்கள், மணி அடித்தார்கள், தேசிய கீதம் போட்டார்கள். ஆசிரியர்கள் மட்டும் அட்டென்ஷனில் நின்றார்கள். ஒரு பிள்ளை அசையவில்லை. பத்து மணிக்கு மேல் ஒவ்வொன்றாக எழுந்து, தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று திருதிருவென விழித்தன. அன்றைக்கு அப்சானா வீட்டுக்கு வந்து சோறு கேட்டு வாங்கித் தின்றாள். வகுப்பில் நடந்ததை நடித்துக் காட்டிச் சிரித்தாள். சைனப் அடுப்படியில் நின்று இறைவனிடம் கையேந்தித் துஆ செய்தாள்.

மறுநாள் வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள்: ‘தூக்கத்தில் நூறு சதவீதத் தேர்ச்சி.’ கூடவே, தேர்வு முடிந்த பிறகும் அனுமதியின்றித் தூங்கியதற்காக எல்லாருக்கும் பத்து மதிப்பெண் கழித்தார்கள்.

ஜலாலின் கூட்டாளி ஒருவர் உண்டு. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாலசுந்தரம். சௌராஷ்டிரக்காரர். அவர் மகன் விஜய்ஆனந்த் அப்சானாவின் வகுப்பு. ஒருநாள் ஜலால் அவர் கடைக்குப் போனபோது பையன் முழங்காலில் பெரிய கட்டோடு உட்கார்ந்திருந்தான். பள்ளி மாடிப்படியில் தூங்கிக்கொண்டே இறங்கி விழுந்தவன்.

“அங்கிள், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இனிமே எங்களுக்காக எதையும் கேக்காதீங்க” என்றான் கைகூப்பி.

“சும்மா இருடா” என்று பாலசுந்தரம் மகனை அதட்டினார். “பாய், விடக்கூடாது. ஒத்த ஆளா போனா இப்படித்தான் செய்வாங்க. எல்லாரும் சேந்து போவோம். ஓட்டுக்கு விடுங்கன்னு கேப்போம். நான் இருக்கேன்ல, மொதக் கை என் கைதான்.”

இரண்டு பேரும் சேர்ந்து வீடு வீடாகப் போனார்கள். கதவைத் திறந்த ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கதை. ஒரு பெண் குளியலறையில் தூங்கி விழுந்து நெற்றி உடைந்திருந்தது. ஒரு பையன் ராத்திரி தூக்கத்தில் எழுந்து யூனிஃபார்ம் மாட்டுகிறான். தாய்மார்கள் சொல்லும்போதே அழுதார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை. “நீங்க கேளுங்கண்ணே, கை தூக்க நாங்க வாரோம்” என்றார்கள். மனுவில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். ஜலால் பல மாதங்களுக்குப் பிறகு நம்பிக்கையோடு இருந்தார். அன்றைக்கு வீட்டில் மகளிடமும் சொல்லிவிட்டார்.

“ஒரு மணி நேரம் வாங்கித் தந்துருவேம்மா. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க.”

“நெசமாத்தா?” என்றாள் அப்சானா. பிறகு விரலில் எண்ணிப் பார்த்து, “ஏழு மணின்னா வேன் ஆறு மணிக்கு வரும். அஞ்சேகாலுக்கு எந்திரிச்சாப் போதும்” என்றாள். பணக்காரர் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேசுவதைப் போல இருந்தது அவள் முகம்.

தாளாளர் மனுவை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலை நாலரைக்குப் பெற்றோர் பொதுக்கூட்டம் என்று அறிவித்தார்.

கூட்டத்துக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். சில தாய்மார்கள் கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். வாசலில் வரவேற்க மாணவிகளை நிறுத்தியிருந்தார்கள்; அப்சானா சந்தனமும் கல்கண்டும் வைத்த தட்டோடு நின்றாள். தட்டு அவ்வப்போது சாயும். பக்கத்துப் பெண் முழங்கையால் இடிப்பாள். தட்டு நிமிரும். தன்னைக் கடந்து போன அத்தாவை அப்சானா ஆசையோடு பார்த்தாள்.

தாளாளர் மைக்கைப் பிடித்தார்.

“என் அன்பான பெற்றோர்களே, நான் ஜனநாயகவாதி. உங்கள் விருப்பமே என் விருப்பம். நம்முடைய ஊருக்கு என்ன பெயர்? தூங்கா நகரம். இங்கே பூ மார்க்கெட் தூங்குவதில்லை. பஸ் ஸ்டாண்ட் தூங்குவதில்லை. இட்லிக் கடை தூங்குவதில்லை. இப்படிப்பட்ட ஊரில் பிறந்த பிள்ளைகள் தூங்க வேண்டும் என்று பெற்றவர்களே கேட்கிறீர்கள். பரவாயில்லை. நான் கோபப்பட மாட்டேன். ஒரு பள்ளி என்றால் பிள்ளைகளின் உடல்நலத்தைப் பற்றியும் எப்போதாவது பேச வேண்டியதுதான்.”

பெற்றோர்கள் கைதட்டினார்கள். ஜலாலும் தட்டினார்.

“ஆகவே நாளை முதல் பிளஸ் டூவை இரண்டாகப் பிரிக்கிறோம். ஏழு மணிக்கு வர விரும்பும் பிள்ளைகள் மலரும் பிரிவு. மற்றவர்கள் எவரெஸ்ட் பிரிவு. எதிர்ச்சாரிப் பள்ளி அடுத்த வாரம் ஐந்தேகாலுக்கு மாறுகிறது என்று நம்பகமான தகவல் வந்திருப்பதால், எவரெஸ்ட் பிரிவு ஐந்து மணிக்குத் தொடங்கும். ஆசிரியர்கள் ஐந்து மணிக்கே வந்துவிடுவதால் அவர்கள் எவரெஸ்ட் பிரிவில் இருப்பார்கள். மலரும் பிரிவுக்குப் பெரிய டிவி வைத்துத் தருகிறோம். நீட் பயிற்சி எவரெஸ்ட் பிரிவுக்கு மட்டும். யாரையும் வற்புறுத்தவில்லை. தன் பிள்ளையின் டாக்டர் சீட்டை அடுத்தவர் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்கப் பெரிய மனது வேண்டும். அந்த மனது உள்ளவர்கள் கையைக் கீழேயே வைத்திருங்கள். எவரெஸ்ட் பிரிவை விரும்புகிறவர்கள் மட்டும் தூக்குங்கள்.”

யாரும் தூக்கவில்லை. எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது பாலசுந்தரம் போனை எடுத்து மனைவியிடம் சௌராஷ்டிரத்தில் தணிந்த குரலில் பேசினார். ஜலாலுக்கு அந்தப் பேச்சு தெரியாது. ஆனால் இடையிடையே எவரெஸ்ட், ரேங்க், டிவி என்று வந்ததில் நடப்பது புரிந்துவிட்டது. பாலசுந்தரம் போனை வைத்துவிட்டு ஜலாலின் முகத்தைப் பார்க்காமல் கையைத் தூக்கினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்றே சொல்ல வேண்டும். முதல் கை அவருடைய கைதான்.

அதற்குப் பிறகு ஹால் முழுக்கக் கைகள். நெற்றி உடைந்த பெண்ணின் தாய் தூக்கினார். கைக்குழந்தையோடு வந்தவர் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு தூக்கினார். சிலர் இரண்டு பிள்ளைகளுக்காக இரண்டு கையையும் தூக்கினார்கள்.

“ஜலால் பாய்,” என்று தாளாளர் மேடையிலிருந்து கனிவாகக் கூப்பிட்டார். “உங்களுக்காகக் காத்திருக்கிறோம். உங்கள் மகள் ஒருத்திக்காக ஒரு தனி அறையும் ஒரு டிவியும் தர நான் தயார். மனுக் கொடுத்தவர் அல்லவா? உங்கள் வார்த்தைக்கு மதிப்பு உண்டு.”

எல்லாத் தலைகளும் திரும்பின. ஜலால் மகளைப் பார்த்தார். காலியான பெரிய அறையில் டிவிக்கு முன்னால் அவள் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு, தோற்றுப்போய். எல்லாரும் டாக்டராகிப் போன பிறகு அவள் வந்து, “என்ன மட்டும் ஏன்த்தா பிரிச்சு வச்சீங்க?” என்று கேட்பதைப் பார்த்தார். ஷெட்டில் தகரத்தைப் பிடித்து அழுததும் ஞாபகம் வந்தது. ஆனாலும் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. தன் கை மேலே போவதை அவரே யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதைப் போலப் பார்த்தார்.

அப்சானாவும் பார்த்தாள். தட்டு சாயவில்லை. அந்த நேரத்தில் அவள் நன்றாக விழித்துக்கொண்டிருந்தாள்.

“ஏகமனதாக!” என்றார் தாளாளர். நேர மாற்றத்துக்கு வித்திட்ட பெற்றோர் என்று ஜலாலை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். இந்த மகிழ்ச்சியைக் கொண்டாடும் விதமாக அன்றைய ஞாயிற்றுக்கிழமைத் தேர்வை ரத்து செய்தார்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போகலாம் என்றதும் ஆரவாரம் எழவில்லை. பாதிப் பேர் நின்றபடியே தூங்கிப்போயிருந்தார்கள்.

பாலசுந்தரம் வாசலில் ஜலாலின் கையைப் பிடித்தார். “பாய், தப்பா நெனைக்காதீங்க. ஒத்தப் புள்ள வச்சிருக்கேன்.”

“நானும் ஒண்ணுதான்ணே வச்சிருக்கேன்” என்றார் ஜலால்.

அப்சானா வந்து ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தாள். விழுந்துவிடக் கூடாதே என்று ஜலால் அந்தப் பொன்னாடையை எடுத்து அவளையும் தன்னையும் சேர்த்து இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டார். பல்கலைக்கழக வாசலைக் கடக்கும் முன்பே அவள் தலை அவர் முதுகில் சாய்ந்துவிட்டது. சட்டைப் பையில் போன் அடித்தது. சைனப்தான். என்ன ஆச்சு என்று கேட்பாள். அது அடித்து ஓயும்வரை அவர் எடுக்கவில்லை.

கிழக்கே வெளுக்கத் தொடங்கியது. “மன்னிச்சுரும்மா. அத்தா பயந்துட்டேன்” என்றார் ஜலால், சாலையைப் பார்த்தபடி. காற்றில் அது அவருக்கே கேட்கவில்லை. தூங்குகிறாள், தூங்கட்டும் என்று நினைத்துக்கொண்டார். நாளை ஐந்து மணிக்கு வகுப்பு என்றால் வேன் எத்தனை மணிக்கு வரும் என்று கணக்குப் போடப் பார்த்தார். வேன் நாளைக்கு வருவதாகவே தெரியவில்லை. இன்றைக்கு ராத்திரியே வந்துவிடும் போலிருந்தது.

நாலுவழிச் சாலை சந்திப்பு வந்தபோது முதுகில் அசைவு தெரிந்தது. அவள் கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

“அத்தா, மெதுவாப் போங்க. வீடு வந்துரும், தூக்கம் போயிரும்.”

ஜலால் வேகத்தைக் குறைத்தார். நேரே போனால் காளவாசல், அதைத் தாண்டினால் வீடு. அவர் வண்டியைத் திருநகர் பக்கம் திருப்பி, பசுமலை வழியாகச் சுற்றிப் போகும் சாலையில் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துவிட்டு, திட்டிவிட்டு, முந்திப் போனார்கள்.